சட்டைப் பையில் போட்டோ வைத்திருந்த சிப்பாய்கள்

ஒன்பது வயதில் நான் பதினோரு யுத்தப் படங்கள் பார்த்து முடித்திருந்தேன். எல்லாம் இங்கிலீஷ் படங்கள். எம்.ரெட்டியபட்டியில் என்னோடு நாலாம் வகுப்பு படித்த பெண்பிள்ளைகள் பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று தமிழ்ப் படம் பார்த்துவிட்டு அதையே ஆறு மாதம் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டேன். பீரங்கி இல்லாத படத்தை நான் ஒரு படமாகவே மதித்ததில்லை. இதில் என் பெருமை எதுவும் கிடையாது. எல்லாம் சித்தப்பா பார்த்த வேலை.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. பட்டாளத்தில் இருந்தார். எங்கள் வட்டாரத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு என்றாலும் எங்கள் சொந்தபந்தம் முழுக்கக் கடைக்காரர்கள்தான். பலசரக்கு, பருத்திக்கொட்டை, பாத்திரம் என்று ஏதாவது ஒன்றை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்தே காலத்தைக் கழிப்பவர்கள். அப்பாவும் அப்படித்தான். கடையில் வந்து உட்கார் என்று அப்பா சொன்னபோது, "நாள் முழுக்க ஒரே எடத்துல ஒக்காந்தா எனக்குக் காலு மரத்துப்போகுதுண்ணே" என்று சொல்லிவிட்டு, ஆளெடுப்பு நடந்த மைதானத்தில் போய் வரிசையில் நின்றவர் சித்தப்பா. அங்கே அவரை வண்டி பழுது பார்க்கும் பிரிவில் போட்டார்கள். துப்பாக்கி பிடித்த நேரத்தைவிட ஸ்பேனர் பிடித்த நேரம்தான் அதிகம் என்று அவரே சொல்வார். நானும் அண்ணனும் அதை நம்பவில்லை. தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

வருடத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் பஸ் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு தியேட்டரில் ஞாயிறு காலைக்காட்சி மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார்கள். பெரிய ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து நடுநடுவே மழை பெய்துகொண்டிருக்கும் பிரிண்டுகள். பத்தில் எட்டு யுத்தப் படமாக இருக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. பாஷை தெரியாவிட்டாலும் குண்டு வெடித்தால் ஜனங்களுக்குப் புரியும் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருக்கலாம். கணக்கு சரிதான். ஆலைத் தொழிலாளிகளும் தறிக்காரர்களும் வந்து கூட்டம் நிரம்பும்.

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பட்டாளத்து இந்தி தெரியும். ஆனால் முடியை ஒட்ட வெட்டியிருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர்கள் அவரை விவரம் தெரிந்தவர் என்று முடிவு செய்துவிடுவார்கள். "அண்ணே, அந்தத் தொப்பிக்காரன் என்ன சொல்றான்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். சித்தப்பா திரும்பாமலேயே, "பாலத்தை ஒடைக்கணும்ங்கிறான்" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நான் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் ஒரு பாலம் இருந்தது. அதை ஒரு கூட்டம் உடைக்கப் பார்க்கும், இன்னொரு கூட்டம் காக்கப் பார்க்கும். நடுவில் லாரிகள் தீப்பிடித்து எரியும். மனிதர்கள் சாகும்போது சும்மா இருக்கும் சித்தப்பா, லாரி எரியும்போது மட்டும் உச்சுக்கொட்டுவார். அந்த வண்டியைச் சரிபண்ண எத்தனை நாளாகும் என்று எங்களுக்கு விளக்குவார்.

யார் பெயரும் எங்களுக்கு விளங்காது. முகங்களும் ஒன்றுபோலவே இருக்கும். தொப்பியை வைத்தும் தாடியை வைத்தும்தான் ஆளை அடையாளம் கண்டோம். அதனாலேயே கதையைவிட மற்ற சங்கதிகள் மனதில் நன்றாகப் பதிந்தன. குண்டான சிப்பாய் இருந்தால் அவன் ஏதாவது தின்றுகொண்டே இருப்பான். கண்ணாடி போட்டவனுக்கு வரைபடம் பார்க்கத் தெரியும். எதிரிகள் எத்தனை ஆயிரம் தோட்டா சுட்டாலும் ஒன்றும் படாது. நம்மாள் ஒன்று சுட்டால் இரண்டு பேர் விழுவார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய ஒரு விதியை நானே கண்டுபிடித்தேன். எந்தச் சிப்பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்துக் கூட்டாளிகளிடம் காட்டுகிறானோ, அவன் செத்துப்போவான். ஐந்தாவது படத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆறாவதில் உறுதியானது. ஏழாவதில், ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து தகரக் குவளையில் எதையோ குடித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டதும், "இவன் காலி" என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் காலியானான். முன்வரிசை ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் எங்கள் பகுதி முழுக்க இந்த விதி பரவிவிட்டது. போட்டோ வெளியே வந்ததும், "போச்சுறா, எடுத்துட்டான்!" என்று பத்துப் பேர் ஒன்றாகச் சொல்வார்கள். எனக்கு மார்பு விம்மும்.

நான் சொல்ல வந்தது அந்த வருடம் நடந்ததை. அந்த லீவில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். பாலவனத்தத்தில் பெண். அவர்களும் கடைக்காரர்கள்தான், பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வியாபாரம். பெண் பன்னிரண்டாவது படித்தவர். அவருடைய அப்பாவுக்குப் பட்டாளத்து மாப்பிள்ளை என்றதும் மனசே இல்லை. ஒரு சின்னக் கடை வைத்திருப்பவனாக இருந்தாலும் கண் முன்னால் இருப்பானே என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் அம்மாதான் பென்ஷன் வரும் உத்தியோகம் என்று பேசிப் பேசிக் கரைத்தார். ஒரு வழியாக அவர் இறங்கிவந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டார் அங்கே போய்க் கை நனைப்பது என்று பேச்சானது. எங்கள் பக்கத்தில் பேச்சு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. கல்யாணம் அடுத்த லீவில்.

பெண்ணின் போட்டோவைத் தரகர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஸ்டுடியோவில் எடுத்தது. பிளாஸ்டிக் பூ ஜாடிக்குப் பக்கத்தில் தாவணியில் நின்றார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பின்பக்கம் பெண்ணின் பெயர், நட்சத்திரம், அப்பா பெயர், ஊர் எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. பெண் போட்டோ என்பது அப்போதெல்லாம் கண்ட இடத்தில் கிடக்கும் சாமான் இல்லை. சாமி படத்துக்குக் கீழே இருக்கும். சம்பந்தம் பிடிக்கவில்லையென்றால் தரகரோ வீட்டுப் பெரியவரோ நேரில் எடுத்துப்போய், நட்சத்திரம் சேரவில்லை என்று ஏதாவது நல்லபடியாகச் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். யார் மனமும் நோகாமல் முறித்துக்கொள்வதற்கு அப்படி ஒரு முறை இருந்தது. இது பெரியவர்களின் விதி. எனக்குத் தெரிந்திருந்தது என்னுடைய விதி மட்டும்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை, சாப்பிட வரச்சொல்லிச் சித்தப்பாவைக் கூட்டிவர அம்மா என்னை அனுப்பினாள். அவர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில், வேப்பமரத்தடி பெஞ்சியில் இரண்டு கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். மூவர் கையிலும் டீ கிளாஸ். நான் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் சித்தப்பா சட்டைப் பையில் கையை விட்டு அந்தப் போட்டோவை எடுத்தார். சாமி படத்துக்குக் கீழிருந்து அது எப்போது அவர் பைக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. கூட்டாளிகள் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவன் அவர் முதுகில் தட்டினான். சித்தப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

கூப்பிட வந்ததை மறந்து நின்றுவிட்டேன். மரத்தடி, குவளை, கூட்டாளிகள், சிரிப்பு என்று எல்லாம் அப்படியே இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு ரயில். அந்தப் போட்டோவோடுதான் போகப்போகிறார் என்பதில் சந்தேகமே இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். "சித்தப்பா லாரிக்கு அடியிலதான படுத்துருப்பாக, குண்டு எப்படி மேல படும்?" என்றான். எட்டாவது படத்தில் ஒரு சமையல்காரன் செத்ததை நான் ஞாபகப்படுத்தினேன். துப்பாக்கியே தொடாதவன், ஆனால் போட்டோ வைத்திருந்தான். அண்ணன், "அப்பக் கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் பம்பரம் விடப் போய்விட்டான். பெரியவர்களிடம் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் சாவு என்ற சொல்லை எடுத்தால் அம்மா வாயிலேயே போடுவாள். ஆகவே சித்தப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது.

மறுநாள் காலையில் அவர் கிணற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து போட்டோவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கிழிக்க மனசு வரவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தார். ஒளித்து வைத்தால் சித்தப்பா எப்படியும் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாருடைய போட்டோவோ அவரிடமே சேர்த்துவிடுவதுதான் நியாயம் என்று பட்டது. அட்ரஸ் பின்னாலேயே இருந்தது.

கவரில் அட்ரஸ் எழுதுவது எனக்குப் பழகின வேலை. விருதுநகர் மொத்தக் கடைகளுக்கு அப்பா எழுதும் கடிதங்களுக்கு அட்ரஸ் எழுதுவது நான்தான். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று அப்பாவுக்குப் பெருமை. கடை மேஜையிலிருந்து ஒரு தபால் கவரை எடுத்துப் போட்டோவை உள்ளே போட்டு ஒட்டினேன். பாலவனத்தத்துக்குப் பின்கோடு தெரியாததால் எங்கள் ஊர்ப் பின்கோடையே எழுதினேன். கடைசியாக, அப்பா எப்போதும் செய்வதுபோல மையில் தொட்டுக் கடை முத்திரையைக் கவரின் மூலையில் அழுத்திக் குத்தினேன். முத்திரை இல்லாத கவர் போய்ச் சேராது என்று நான் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அன்று முழுக்க வகுப்பில் நிம்மதியாக இருந்தேன்.

சித்தப்பா இரண்டு நாள் எதையோ தேடினார். பாயை உதறினார், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார், கிணற்று மேட்டில் குனிந்து பார்த்தார். என்ன தேடுகிறார் என்று கேட்ட அம்மாவிடம், "ஒண்ணுமில்ல மதினி" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தாலும், உயிரோடு இருந்து வாடுவது நல்லதுதானே என்று தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தரகர் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையிலிருந்து, போட்டோ இல்லாத அந்த வெறும் கவரை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி, வேண்டாம்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாம, வெறும் போட்டோவ, கடை சீல் வேற குத்தியா அனுப்புவாக? சரக்கத் திருப்பி அனுப்புற மாதிரி?"

அப்பா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை அவருடையது. கையெழுத்து என்னுடையது. அவர் தலை நிமிர்ந்தபோது நான் புத்தகப் பையோடு எதிரில் நின்றேன்.

வீட்டுக்குள் இழுத்துப் போய் விசாரணை நடந்தது. அம்மா முதலில் இரண்டு வைத்துவிட்டுப் பிறகுதான் கேட்டாள். அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ, மரத்தடி, ஏழாவது படம், எட்டாவது படத்துச் சமையல்காரன். "அதை வச்சிருந்தா சித்தப்பா செத்துருவாக" என்றதும் அம்மாவின் கை என் வாய் மேல் வந்து விழுந்தது. அப்பா சித்தப்பாவைப் பார்த்து, "கூட்டிட்டுப் போ, இன்னும் நாலு படத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்று கத்தினார். சித்தப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. எனக்கு அதுதான் அடியைவிட அதிகம் வலித்தது. ஓர் ஆளின் உயிரைக் காப்பாற்றினால் அந்த ஆளே சிரிக்கிறாரே என்று இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் அப்பாவிடம், "எனக்கு அந்தப் பொண்ணுதாண்ணே வேணும்" என்றார். அவ்வளவு நேராக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அப்பா கடைவாசலுக்குப் போனார். அங்கே நின்ற தரகரிடம், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம், என்ன நடந்தாலும் நேரில் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் புறப்பட்டோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். மாப்பிள்ளை வரக் கூடாது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை. என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம், நடந்ததற்கு நான் ஒருத்திதான் சாட்சி. ஆனால் சாட்சி உண்மையைச் சொல்லிவிடக் கூடாது. பட்டாளத்து மாப்பிள்ளை என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் வீட்டில் போய் நல்ல காரியத்துக்கு முன்னால் சாவைப் பற்றிப் பேசினால் விளங்குமா? "அங்க வந்து அந்த வார்த்த வாயில வந்துச்சு, அங்கயே விட்டுட்டு வந்துருவேன்" என்று அம்மா பஸ்ஸில் என் தொடையைக் கிள்ளினாள். தெரியாமல் அனுப்பிவிட்டேன், இதை மட்டும் சொன்னால் போதும். அருப்புக்கோட்டையில் பஸ் மாறிப் பாலவனத்தம் போய் இறங்கும்வரை அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அந்த வீட்டின் முன்கூடத்தில் பாதிக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பிண்ணாக்கு வாடை அடித்தது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் தொடவில்லை. தொடச் சொல்லி அவர்களும் வற்புறுத்தவில்லை. பெண்ணின் அப்பா மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பா என்னை முன்னால் தள்ளினார். "தெரியாம அனுப்பிட்டேன்" என்றேன்.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை. "தெரியாம எப்பிடிம்மா அட்ரசு எழுதுன? சீல் வேற குத்திருக்க."

நல்ல கேள்விதான். எனக்கு அதற்கு மேல் மனப்பாடம் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"எங்களுக்கும் யோசனையாத்தான் இருந்துச்சு. நீங்க முந்திக்கிட்டீக, அம்புட்டுத்தான். அதுக்குச் சின்னப்பிள்ளையக் கூட்டியாந்து கதை சொல்ல வைக்கணுமா?" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனார். அவர் எழுந்துவிட்டால் அதோடு முடிந்தது என்பது எனக்கே தெரிந்தது. சித்தப்பா அப்பாவின் துண்டு நுனியைப் பிடித்தார். காரணத்தை அவராலும் சொல்ல முடியாதே.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், "அந்தப் பிள்ளைய உள்ள அனுப்புங்க" என்றது.

அடுப்படியில் அந்த அக்கா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு, உயரம் கம்மி. பக்கத்தில் உட்காரச் சொன்னார். எதற்காக அனுப்பினாய் என்று கேட்டார்.

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காக."

"அவுககிட்டச் சொல்ல வேண்டாம். எங்கிட்டச் சொல்லு. என் போட்டோ தான?"

அதில் நியாயம் இருந்தது. சொன்னேன். அடி வாங்காமல் முழுதாகச் சொல்ல முடிந்தது அந்த ஒரு முறைதான். இடையில் அவர் சிரிக்கவில்லை. கீரையை உருவுவதையும் நிறுத்தவில்லை.

"எல்லாப் படத்துலயுமா?"

"பதினோரு படம் பாத்துருக்கேங்க்கா. போட்டோ காட்டுன ஒருத்தன்கூடத் தப்பிக்கல."

அவர் ஒரு காம்பை எடுத்துக் கொஞ்ச நேரம் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் போட்டோவுல இருக்குற பொண்ணுகளுக்கு என்ன ஆகும்?" என்றார்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. பொறுப்பான ஆள் என்ற முறையில் பதினோரு படத்தையும் முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

"அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அதுக்கப்புறம் அவுகளக் காட்டவே மாட்டாக."

நல்ல செய்திதான் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன். அவருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த காம்பைக் கீழே போட்டார். பிறகு, "உங்க சித்தப்பா வருசத்துல எத்தன மாசம் ஊர்ல இருப்பாக?" என்றார்.

"ரெண்டு மாசம்."

அவருடைய பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. உதடும் லேசாக அசைந்தது. மாதங்களின் பெயரைச் சொல்லி எண்ணுகிறார் என்று தெரிந்தது. நான் பொறுத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆனதால், "பன்னெண்டுல ரெண்டு போனா பத்துக்கா" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ஆமா, பத்து" என்றார்.

எழுந்து கையைக் கழுவினார். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தன் அம்மாவிடம், "உலை வைக்கேன். அவுகளச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அவர் அம்மா ஏதோ கேட்க வந்தார். "போட்டோ எங்கிட்டயே இருக்கட்டும். அவுகளுக்கு வேண்டாம்" என்று அக்கா சொன்னதும் பேசாமல் முன்கூடத்துக்குப் போனார்.

அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்தபோது அப்பாவின் தோளில் துண்டு இல்லை, மடியில் இருந்தது. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சித்தப்பாவை முதல்முறையாக நேராகப் பார்த்து, "கை கழுவுங்க மாப்ள" என்றார். விருந்து எதுவும் இல்லை. சோறு, முருங்கைக்கீரை, ஒரு ரசம், ஊறுகாய். சித்தப்பா மூன்று முறை சோறு வாங்கினார். எனக்கு இரண்டு அப்பளம் கிடைத்தது.

சித்தப்பா வெறும் சட்டைப் பையோடு ரயிலேறினார். அடுத்த லீவில் கல்யாணம் நடந்தது. அவர் பென்ஷன் வாங்கும்வரை பட்டாளத்தில் இருந்தார். ஒரு ஜாக்கி நழுவிக் கட்டைவிரல் நகம் போனதைத் தவிர அவருக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தார். வருடத்தில் பத்து மாதம், தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். சைக்கிள் நிற்கிறதா, போய்விட்டதா என்று நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். வடக்கே எங்காவது கலவரம் என்று ரேடியோவில் சொன்னால் அன்று இரண்டு வேளை அவருக்குச் சோறு இறங்காது. வெட்கம், அரைப்பட்டினி விரதம் என்று நானாக ஏதேதோ காரணம் வைத்திருந்தேன். இன்றைக்கும் குடும்பத்தில் கல்யாணம் நடந்தால் இந்தக் கவர் கதையை யாராவது எடுப்பார்கள். சித்தியே முத்திரை குத்துகிற மாதிரி கையை ஓங்கிக் காட்டுவார், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடுப்படியில் நாங்கள் பேசியதை மட்டும் அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன், அதைக் கேட்டுவிட்டு அவர் என்ன முடிவெடுத்தார் என்பது எனக்குப் புரிய, நானும் கல்யாணமாகி ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. பாலவனத்தத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் நிறைந்த மனதோடு இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு குறை. அம்மாவின் பக்கம் சாய்ந்து, புதுச் சித்திக்குக் கணக்கு வராது என்று சொன்னேன். பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுப் பன்னிரண்டில் இரண்டைக் கழிக்க விரல் விட்டு எண்ணினார் என்றேன். எந்த இரண்டு என்று அம்மா கேட்டாள். சித்தப்பா ஊரில் இருக்கும் இரண்டு மாதம் என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். முன் சீட்டில் இருந்த சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இதற்காவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.